முன்னால் மளிகைக் கடை, பின்னால் வகுப்பறை

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு என்று ஒரு இடம். 1950-களில் அங்கிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்குத் தினமும் காலையில் ஒரு பஸ் போகும். ஓட்டுகிறவர் ஈசா ஜென்கின்ஸ். பஸ்ஸும் அவருடையதுதான். ஏறுகிறவர்கள் எல்லோரும் நகரத்துக்குக் கூலி வேலைக்குப் போகிற கறுப்பின மக்கள். தூக்கக் கலக்கத்தோடு ஏறி உட்காருகிறவர்களின் கையில் ஜென்கின்ஸ் ஒரு தட்டச்சுத் தாளைக் கொடுப்பார். வாக்காளராகப் பதிவுசெய்வது பற்றி மாநில அரசியல் சட்டம் சொல்லும் பகுதி அதில் இருக்கும். நகரம் போய்ச் சேரும்வரை அதைப் பற்றித்தான் பேச்சு.

அந்தப் பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவர் ஆலிஸ் வைன். மூன்றாம் வகுப்பைக்கூட முடிக்காதவர். நானும் நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும், ஓட்டுப் போட வேண்டும், கொஞ்சம் சொல்லிக்கொடுத்தால் கட்டாயம் போய்ப் பதிவுசெய்வேன் என்று ஜென்கின்ஸிடம் கேட்டிருக்கிறார். ஜென்கின்ஸ் வாசிக்க வாசிக்க, கேட்டுக் கேட்டே அந்தச் சட்டப் பகுதி முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார். பதிவு அலுவலகத்துக்குப் போனார், ஒப்பித்தார், வாக்காளர் ஆகிவிட்டார். ஆனால் அத்தோடு விடவில்லை. இப்போது எனக்கு நிஜமாகவே வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று மறுபடியும் வந்து நின்றார்.

நம் ஊர்ச் சுவர்களில் அம்பேத்கர் படத்துக்குக் கீழே ‘கற்பி, ஒன்றுசேர், போராடு’ என்று எழுதியிருக்கும். அதைப் பலரும் படிக்கட்டு மாதிரிப் புரிந்துகொள்கிறோம். முதலில் எல்லோரும் படித்துவிட வேண்டும், பிறகு ஒன்றுசேரலாம், கடைசியில் போராடலாம் என்று. 1942-ல் நாக்பூரில் அம்பேத்கர் பேசியபோது கற்பிப்பதற்கு அடுத்துச் சொன்னது கிளர்ச்சியை. ஒன்றுசேர்வது கடைசியாக வந்தது. வரிசை மாறினாலும் பொருள் கெடவில்லை என்பதே, அது படிக்கட்டு இல்லை என்று காட்டுகிறது. மூன்றும் ஒரே நேரத்தில், ஒரே அறையில் நடக்கக்கூடியவை. ஜான்ஸ் தீவில் அப்படித்தான் நடந்தது. அந்தக் கதையை விரிவாகச் சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

முதலில் சட்டம் எப்படி இருந்தது என்று பார்த்துவிடுவோம். 1895-ல் தென் கரோலினா புதிய அரசியல் சட்டம் ஒன்றை எழுதிக்கொண்டது. ஓட்டுப் பதிவுக்கு வருகிறவர் அந்த அரசியல் சட்டத்தின் எந்தப் பகுதியைக் காட்டினாலும் வாசிக்கவும் எழுதவும் வேண்டும், இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியவராக இருக்க வேண்டும். நிறத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. தேவையும் இல்லை. யாருக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ, யாருக்கு நிலம் இல்லையோ அவர்கள்தான் வெளியே நிற்பார்கள். மற்ற தெற்கு மாநிலங்களிலும் இதே கதைதான். மிசிசிப்பியின் அரசியல் சட்டத்தில் 285 பிரிவுகள். பதிவாளர் தன் இஷ்டத்துக்கு ஒன்றைக் காட்டி, எழுதச் சொல்லி, பொருளும் கேட்பார். சொன்ன பொருள் சரியா தப்பா என்று முடிவுசெய்கிறவரும் அவரேதான். எழுத்தறிவை ஒரு பூட்டாகச் செய்து வாசலில் தொங்கவிட்டிருந்தார்கள்.

சரி, அப்படியானால் எழுத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதாதா? அதையும் செய்து பார்த்திருந்தார்கள். ஜான்ஸ் தீவில் பெரியவர்களுக்கு அரசுப் பணத்தில் இரவு வகுப்புகள் நடந்துதான் இருந்தன. ஆட்கள்தான் வரவில்லை. வந்தவர்களும் சில நாளில் நின்றுவிட்டார்கள். ஏன் என்று கேட்டபோது கிடைத்த பதில் இன்றைக்கும் மனதைக் குத்துகிறது. பிள்ளைகள் உட்காரும் சின்ன நாற்காலியிலும் மேசையிலும் அவர்களை உட்கார வைத்தார்கள். நாளெல்லாம் வயலில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் முழங்காலை மடக்கிக்கொண்டு, குழந்தைகளின் பாடப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் அவர்களை நெடுங்கால் பூச்சி என்று கேலி செய்தன. படிப்பு வேண்டாம் என்று அவர்கள் விலகவில்லை. அந்த நாற்காலிதான் அவர்களை விரட்டியது.

ஜென்கின்ஸ் 1954-ல் டென்னஸி மாநிலத்து மலைப்பகுதியில் இருந்த ஹைலேண்டர் நாட்டார் பள்ளிக்குப் போனார். 1932-ல் மைல்ஸ் ஹார்ட்டன், டான் வெஸ்ட் என்ற இருவர் தொடங்கிய இடம் அது. டென்மார்க்கில் விவசாயிகளுக்காக நடந்த நாட்டார் உயர்நிலைப் பள்ளிகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் ஹார்ட்டன். ஹைலேண்டரில் பரீட்சையோ பட்டமோ கிடையாது. தொடக்க காலத்தில் சுரங்கத் தொழிலாளர்கள், மரம் வெட்டுகிறவர்கள், ஆலைத் தொழிலாளர்கள் வந்து தங்கித் தங்கள் ஊர்ப் பிரச்சினையைப் பேசுவார்கள். பிறகு இனப் பிரிவினை பற்றிய பயிலரங்குகள் வந்தன. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிடுவதைச் சட்டமே தடுத்த காலத்தில், அங்கே ஒரே மேசைதான். 1955 ஆகஸ்ட்டில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் அங்கே இரண்டு வாரம் தங்கினார். திரும்பிப் போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்கள் ஊர் மாண்ட்கொமரியில் ஒன்றும் நடக்கப்போவதில்லை, ஜனங்கள் ஒற்றுமையாக நிற்க மாட்டார்கள் என்கிற மாதிரிதான் அவர் பதில் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி பஸ்ஸில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார். அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ் ஏறாமல் நடந்தார்கள்.

ஹைலேண்டரில் ஜென்கின்ஸ் கேட்டது பெரிய சித்தாந்தம் எதுவும் இல்லை. எங்கள் ஜனங்கள் வாசிக்க ஒரு பள்ளிக்கூடம் வேண்டும், அதற்கு ஒரு வாத்தியார் வேண்டும் என்றார். நாலாம் வகுப்புவரை படித்தவர் அவர். சார்ல்ஸ்டனில் காய்கறி வாங்குகிற கிரேக்க வியாபாரிகளோடு பேசி விற்பதற்காகக் கிரேக்க மொழி கற்றுக்கொண்டவர். தேவை இருந்தால் ஆள் எதையும் கற்றுக்கொள்வான் என்பதை அவர் சொந்த அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தார்.

அவரை ஹைலேண்டருக்குக் கூட்டிப் போனவர் செப்டிமா கிளார்க். இந்த வரலாற்றின் முதுகெலும்பு இவர்தான். 1898-ல் சார்ல்ஸ்டனில், அடிமையாகப் பிறந்த ஒருவரின் மகளாகப் பிறந்தார். கறுப்பின ஆசிரியர்களை நகரத்து அரசுப் பள்ளிகளில் சேர்க்காத காலம் என்பதால், 1916-ல் 18 வயதில் ஜான்ஸ் தீவுக்கு வேலைக்குப் போனார். இரண்டு ஆசிரியர்களுக்கு 132 பிள்ளைகள். அவருக்கு மாதச் சம்பளம் 35 டாலர். எதிரே இருந்த வெள்ளையர் பள்ளியில் மூன்றே பிள்ளைகள். அந்த ஆசிரியருக்கு 85 டாலர். பாடப் புத்தகம் இல்லாததால், பிள்ளைகள் சொன்னதையே கதையாக்கி, சலவைக் கடைப் பைகளைக் கிழித்து எழுதிச் சுவரில் ஒட்டினார். அவர்கள் பார்த்த மரம், தின்ற பண்டம், ஊர்ச் செய்தி எல்லாம் பாடமாயின. இரவில் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் அவர் செய்ததெல்லாம் அந்தப் பைகளில் தொடங்கியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1956-ல் தென் கரோலினா அரசு ஊழியர்கள் யாரும் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. கிளார்க் உறுப்பினர் இல்லை என்று ஒரு பொய் எழுதிக்கொடுத்திருந்தால் வேலை தப்பியிருக்கும். எழுதவில்லை. 40 வருடம் பாடம் நடத்தியவரை வீட்டுக்கு அனுப்பினார்கள், ஓய்வூதியமும் போனது. ஹைலேண்டர் அவரைப் பயிலரங்குகளுக்குப் பொறுப்பாளராக்கியது.

இனி அந்த அறைக்குப் போகலாம்.

ஜான்ஸ் தீவில் 1948-லிருந்து முன்னேற்றச் சங்கம் ஒன்றை ஜென்கின்ஸ் நடத்திக்கொண்டிருந்தார். வகுப்புக்கு இடம் தேடியபோது ஒரு பழைய பள்ளிக் கட்டடம் விலைக்கு வந்தது. ஹைலேண்டர் கொடுத்த 1,500 டாலர் கடனில் வாங்கினார்கள். முன்பக்கத்தில் கூட்டுறவு மளிகைக் கடை. பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத இரண்டு அறைகள். தெருவில் போகும் வெள்ளைக்காரர் யாரும் இதைப் பள்ளி என்று நினைக்க மாட்டார்கள். பார்ப்பவர்களுக்கு ஆட்கள் கடைக்குப் போவது தெரியும், அவ்வளவுதான். கடை லாபத்தில் கடனையும் அடைத்தார்கள். அந்த இடம் அரசாங்கத்துடையதோ தர்மகர்த்தாக்களுடையதோ அல்ல, சங்கத்துடையது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாத்தியார் யார்? பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டாம் என்று கிளார்க்கும் ஹார்ட்டனும் முடிவு செய்தார்கள். ஆசிரியருக்கு ஒரு பழக்கம் இருக்கும், தெரியாதவர்களைக் குழந்தையாகப் பார்த்துவிடுவார். அவர்கள் கேட்டது கிளார்க்கின் உறவுக்காரரான பெர்னிஸ் ராபின்சனை. அவர் அழகு நிலையம் நடத்துகிறவர். நான் டீச்சர் இல்லையே என்று தயங்கினார். அதனால்தான் உன்னைக் கேட்கிறோம் என்றார்கள். அதில் இன்னொரு கணக்கும் இருந்தது. அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள். வெள்ளைக்கார முதலாளி யாரும் அவரை வேலையை விட்டு நீக்க முடியாது. கிளார்க்கைப் போல இவரைப் பட்டினி போட்டு மிரட்ட வழியில்லை. இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும் கிராமத்து முடிதிருத்துகிற கடைகளில் பேப்பர் வாசிப்பதும் அரசியல் பேசுவதும் நடந்த காலத்தை அறிந்தவர்களுக்கு, அழகு நிலையம் ஏன் நல்ல இடம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

1957 ஜனவரி 7-ம் தேதி இரவு முதல் வகுப்பு. 14 பேர் வந்தார்கள். ராபின்சன் ஆசிரியர்களான தன் சொந்தக்காரர்களிடமிருந்து சின்னப் பிள்ளைகளின் புத்தகங்களை வாங்கி வந்திருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் இது சரிப்படாது என்று தோன்றிவிட்டது. புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டு, நான் உங்களுக்கு வாத்தியார் இல்லை, நீங்களும் நானும் சேர்ந்துதான் கற்கப்போகிறோம் என்றார். அப்புறம், உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்.

அந்த 14 பேரும் சொன்ன பதில்களில் ஓட்டு மட்டும் இல்லை. பேரைக் கையெழுத்தாகப் போட வேண்டும் என்றார்கள். பைபிளும் செய்தித்தாளும் வாசிக்க வேண்டும். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுத வேண்டும், அவர்களுடைய பதிலைப் பிறத்தியார் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லாமல் தாங்களே வாசிக்க வேண்டும். மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும். அஞ்சல் வழிக் கடையின் விலைப்பட்டியலைப் பார்த்துத் துணிமணிக்கு எழுதிப் போட வேண்டும். பாடத்திட்டம் தயார். மணியார்டர் படிவம் ஒரு நாள் பாடமானது. மளிகைக் கடை விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையை வைத்துக் கணக்குப் போட்டார்கள். இத்தனை அடி நிலத்துக்கு வேலி போட எவ்வளவு கம்பி வேண்டும் என்பது இன்னொரு கணக்கு. பேர் எழுதுவதற்கு, அட்டையில் பெரிதாகப் பேரை எழுதிக் கொடுத்து, அதன் மேலேயே பென்சிலால் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். வளைவும் நெளிவும் விரலுக்குப் பழகியதும் அட்டையை எடுத்துவிடுவது. எங்கள் பாட்டி சொசைட்டியில் கையெழுத்துப் போடப் பழகியது அரிசி மாவில் விரலால் எழுதித்தான். அதனால் இந்த அட்டையைப் பற்றி முதன்முதலாக வாசித்தபோது எனக்கு ரொம்பத் தெரிந்த இடம் மாதிரி இருந்தது.

ராபின்சன் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு காட்சி உண்டு. வகுப்பில் 65 வயதுப் பெண் ஒருவர். ஒரு நாள் பலகையில் எல்லாருடைய பேரையும் எழுதிவிட்டு, யாராவது தன் பேரைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார் ராபின்சன். அந்த அம்மாள் எழுந்து வந்தார், கையில் இருந்த குச்சியை வாங்கினார், இதுதான் என் பேர் என்று ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுச் சொன்னார். தனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது என்றார் ராபின்சன். அறுபத்தைந்து வருடம் பிறர் வாயால் மட்டுமே கேட்ட பேரை அவர் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்.

சுவரில் ஐ.நா.வின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் ஒட்டியிருந்தது. வகுப்பு முடிவதற்குள் அதை எல்லோரும் வாசிக்க வேண்டும் என்பது ராபின்சனின் ஆசை. வயல் வேலை குறைவான குளிர்காலத்தில், வாரத்துக்கு இரண்டு இரவு, இரண்டு இரண்டு மணி நேரம். நாள் போகப் போகக் கூட்டம் 37 ஆனது. பெரும்பாலானவர்கள் போய் வாக்காளராகப் பதிவு செய்துகொண்டார்கள். சேதி பக்கத்துத் தீவுகளுக்குப் போனது. வாட்மலா, எடிஸ்டோ, சார்ல்ஸ்டனின் வடக்குப் பகுதி என்று அடுத்தடுத்து எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். இவற்றுக்குக் குடியுரிமைப் பள்ளிகள் என்று பேர்.

இந்த வகுப்பு எப்படி அமைப்பாக மாறியது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பேச்சாளர் வந்து உரிமை பற்றிச் சொற்பொழிவு ஆற்றி மாறவில்லை. ஒரு படிவத்தை நிரப்பக் கற்றால், அந்தப் படிவம் எந்த அலுவலகத்துக்குப் போகிறது என்ற கேள்வி வரும். அலுவலகம் தெரிந்தால், அங்கே உட்கார்ந்திருப்பவர் யார், அவரை நியமித்தது யார் என்று அடுத்த கேள்வி. அப்புறம் நம் தெருவுக்கு மட்டும் ஏன் ரோடு இல்லை, பள்ளி பஸ் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை என்று பேச்சு போகும். இதெல்லாம் ஒருவர் தனியாக வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் மனக்குறை. 37 பேர் வாரத்துக்கு இரண்டு தடவை ஒன்றாக உட்கார்ந்து யோசித்தால் அது சங்கம். பதிவு அலுவலகத்துக்கு ஆள் தனியாகப் போனால் பயப்படுவார். வகுப்பே சேர்ந்து போனால் பயம் பங்கு பிரிந்துவிடும்.

அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாகவே புரிந்தது. 1959 ஜூலை 31-ம் தேதி இரவு ஹைலேண்டரில் போலீஸ் புகுந்தது. கிளார்க்கை மது வைத்திருந்ததாகச் சொல்லிக் கைது செய்தார்கள். வாழ்நாளில் குடிக்காதவர் அவர். விளக்கை அணைத்துவிட்டுச் சோதனை நடந்தபோது, இருட்டில் உட்கார்ந்திருந்த இளம்பிள்ளைகள், அங்கே வழக்கமாகப் பாடும் பாட்டில் ‘எங்களுக்குப் பயமில்லை’ என்று புதிதாக ஒரு அடியைச் சேர்த்துப் பாடினார்கள். 1961-ல் பள்ளியின் உரிமத்தை நீதிமன்றம் மூலம் ரத்துசெய்து சொத்தையெல்லாம் ஏலம் விட்டார்கள். ஹார்ட்டன் வேறு பேரில் நாக்ஸ்வில் நகரத்தில் மறுபடி தொடங்கினார்.

ஆனால் அதற்குள் குடியுரிமைப் பள்ளித் திட்டத்தை மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் டார்செஸ்டர் என்ற இடத்தில் ஒரு பழைய மிஷன் பள்ளி வளாகம். மாதத்துக்கு ஒருமுறை, தெற்கு மாநிலங்கள் பலவற்றிலிருந்தும் பஸ்ஸில் ஆட்கள் வருவார்கள். ஐந்து நாள் பயிற்சி. கிளார்க்கோடு டோரதி காட்டனும் ஆண்ட்ரூ யங்கும் நடத்துவார்கள். ஆசிரியராக வருகிறவருக்குப் பட்டம் தேவையில்லை. சத்தமாக வாசிக்கவும் பலகையில் தெளிவாக எழுதவும் தெரிந்தால் போதும். ஊரில் நாலு பேர் பேச்சைக் கேட்கக்கூடிய ஆளா என்பதுதான் முக்கியம். விவசாயி, தையல்காரி, வீட்டு வேலை செய்கிறவர் என்று வந்தார்கள். மிசிசிப்பியின் ஹாட்டிஸ்பர்கிலிருந்து வந்த விக்டோரியா கிரே வீடு வீடாக அழகுசாதனப் பொருள் விற்றவர். 1964-ல் அமெரிக்க செனட் சபைக்கு வேட்பாளராக நிற்கும் அளவுக்குப் போனார். 1957 முதல் 1970 வரை 897 பள்ளிகள் நடந்ததாகக் கிளார்க் கணக்குச் சொன்னார். சமையலறையில், மரத்தடியில், அழகு நிலையத்தில், தேவாலயத்தில் என்று எங்கெங்கோ நடந்த வகுப்புகள்.

கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். மிசிசிப்பியின் ரூல்வில் ஊரில் பருத்தித் தோட்டத்தில் வேலை செய்த ஃபேனி லூ ஹேமர், 1962 ஆகஸ்ட் 31 அன்று மேலும் 17 பேரோடு பதிவு செய்யப் போனார். தேர்வில் தோற்கடித்தார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸை மறித்து, அதன் மஞ்சள் நிறம் அளவுக்கு மேல் மஞ்சளாக இருக்கிறது என்று அபராதம் போட்டார்கள். அன்று மாலையே, 18 வருடம் வேலை செய்த தோட்டத்திலிருந்து ஹேமரை வெளியேறச் சொன்னார் முதலாளி. அடுத்த ஜனவரியில் ஹேமர் தேர்வில் ஜெயித்தார். 1963 ஜூன் 9 அன்று, குடியுரிமைப் பள்ளிப் பயிற்சிக்குப் போய்விட்டு ஊர் திரும்புகிற வழியில், வினோனா என்ற ஊரில் அவரையும் கூட வந்தவர்களையும் பிடித்துச் சிறையில் வைத்து அடித்தார்கள். சிறுநீரகம் கெட்டுப்போகும் அளவுக்கு அடி. மறு ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவர் அதை நாடே பார்க்கும்படி தொலைக்காட்சி முன்னால் சொன்னார். 1965-ல் வந்த வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுத் தேர்வுகளை நிறுத்தியது. சட்டத்துக்குப் பின்னால் பெரிய தலைவர்களின் பேர்கள் இருக்கின்றன. அந்தத் தலைவர்களின் கூட்டத்தை நிரப்பியவர்கள் இரவு வகுப்புகளில் மணியார்டர் படிவம் நிரப்பியவர்கள்.

கிளார்க்குக்குத் தன் அமைப்புக்குள்ளேயே ஒரு மனத்தாங்கல் இருந்தது. எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை தாங்காதீர்கள், அந்தந்த ஊர் ஆட்களைத் தாங்க விடுங்கள் என்று கிங்குக்குக் கடிதம் எழுதினார். கூட்டத்தில் அதை வாசித்தபோது சிரித்தார்களாம். பெண் சொன்னது என்பதும் ஒரு காரணம் என்று அவர் பின்னாளில் சொன்னார். கிங் மீது அவர் வைத்திருந்த மரியாதை கடைசிவரை குறையவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் அவர் சொன்னதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். வகுப்பறையில் வாத்தியாரும் மாணவரும் சமம் என்று சொல்லிவிட்டு, வீதியில் ஒரே ஒருவர் மட்டும் முன்னால் நடந்தால் கற்றது பாதியில் நின்றுவிடும்.

இதே காலத்தில் பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்ற கல்வியாளர் இதே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். அங்கேயும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டு இல்லை, 1985-ல்தான் கிடைத்தது. 1963-ல் ஆஞ்சிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முயன்றார். அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களையே பாடமாக வைத்தார். மறு ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் அடைத்தார்கள், பிறகு நாட்டைவிட்டே போக வேண்டியிருந்தது. பிற்காலத்தில் ஃப்ரெய்ரேயும் ஹார்ட்டனும் ஹைலேண்டரில் சந்தித்து நாள்கணக்கில் பேசினார்கள்.

நம் நாட்டுக்கு வந்தால் ஒரு பெரிய வித்தியாசம். 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே கைநாட்டு வைக்கிறவர்களுக்கும் ஓட்டு இருந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காகத்தான் சின்னங்கள் வந்தன. அதனால் இங்கே எழுத்தறிவு வாக்குச்சாவடியின் பூட்டு இல்லை. பூட்டு வேறு இடங்களில் தொங்குகிறது. பட்டா, மனு, கூலிப் பதிவேடு, கடன் பத்திரம் எல்லாம் பூட்டுகள்தான்.

புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் 1991-ல் தொடங்கியபோது இதைத் தெரிந்தே தொடங்கினார்கள். பாடப் புத்தகத்தின் தொடக்கமே ‘பட்டா’, ‘படி’. அணில், ஆடு, இலை என்று பெரியவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சம்பளம் இல்லாத தொண்டர்கள் தெரு விளக்கின் கீழ் வகுப்பு எடுத்தார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்பதை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். வகுப்புக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குக் கேட்டவர்கள் உண்டு. பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் புருஷனையோ பஸ்ஸையோ எதிர்பார்க்காமல் ஒரு பெண் போய்வர முடிந்தால், அதுதான் சம்பந்தம். கல்குவாரிகளை ஒப்பந்தக்காரர்களிடமிருந்து எடுத்து, அங்கே கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு விட்டதும் அதே காலத்தில்தான். லோடு கணக்கும் ராயல்டி ரசீதும் அவர்களுக்குப் பாடமாயின.

ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவுப் பாடப் புத்தகத்தில் ஒரு கதை இருந்தது. ஊரில் சாராயம் குடும்பங்களைக் கெடுக்கிறது, பெண்கள் ஒன்றுசேர்ந்து கடையை மூடவைக்கிறார்கள். 1992-ல் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் அந்தப் பாடத்தை வாசித்துவிட்டு, நாமும் செய்யலாமே என்று நிஜமாகவே சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாவட்டம் முழுக்கப் பரவியது. சாராய ஏலத்தையே நடத்த முடியவில்லை. 1993 ஏப்ரலில் நெல்லூரிலும், அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதிலும் சாராயம் நின்றது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. 1997-ல் அதை எடுத்தும்விட்டார்கள்.

இங்கேதான் அந்த மளிகைக் கடை எனக்கு ஞாபகத்துக்கு வருகிறது. அறிவொளியின் பலம் மாவட்ட நிர்வாகம். அதன் பலவீனமும் அதுதான். ஆட்சியர் மாறுவார், நிதி நிற்கும், இலக்கு முடிந்துவிட்டதாக விழா எடுப்பார்கள். புதுக்கோட்டையை 1992 ஆகஸ்ட்டில் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவித்தார்கள். அறிவிப்புக்குப் பிறகுதான் அமைப்பு வேலை தொடங்க வேண்டும், ஆனால் திட்டத்தின் கணக்கில் அது முடிவு. ஜான்ஸ் தீவில் அறையும் கடையும் சங்கத்துடையதாக இருந்தன, கடன் அடைந்துவிட்டது, மூடு என்று சொல்ல மேலே யாரும் இல்லை. அறிவொளியில் உழைத்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களைப் போல ராத்திரி பகலாக உழைத்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர்களுக்கு ஊருக்கு ஊர் சொந்தமாக ஒரு அறை இருந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம்தான்.

எழுத்தே தெரியாமலும் இந்தக் கல்வி நடக்கும் என்று காட்டியது ராஜஸ்தான். 1990 மே 1-ல் தொடங்கிய மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, பஞ்சாயத்து வேலைகளின் கூலிப் பதிவேட்டையும் பில்களையும் எப்படியோ வாங்கி, 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா என்ற ஊரில் பந்தல் போட்டுப் பொதுவில் வாசித்தது. ஒருவர் வாசிப்பார், கூட்டம் கேட்கும். வாசிக்கிற பேர் செத்துப்போனவருடையதா, வேலைக்கே வராதவருடையதா என்று கூட்டத்துக்குத்தான் தெரியும். எழுத்துத் தெரிந்தவர் ஒருவர், ஊரைத் தெரிந்தவர்கள் நூறு பேர். இரண்டும் சேர்ந்தபோது கணக்கு உடைந்தது. அங்கிருந்து கிளம்பிய கோரிக்கைதான் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது.

தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபைகள். நான் போயிருந்த ஒன்றில், வரவு செலவுக் கணக்கை ஒரு தம்பி எழுந்து நின்று கடகடவென்று வாசித்துக்கொண்டே போனார். பாதிப் பேர் வெளியே டீக்கடையில். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா, “தம்பி, கொஞ்சம் மெதுவாப் படிங்க. அந்த வாய்க்கால் வேலைக்கு எத்தனை நாள்னு போட்டிருக்கு?” என்று கேட்டார். அவர் நின்று, திரும்பப் படித்தார். அக்கா விரல்விட்டு எண்ணினார். பக்கத்தில் இருந்தவரும் எண்ணத் தொடங்கினார். டீக்கடையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.